உன் அக்காவின் குளியல் தொட்டி விஷயமாக

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவி மக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டில் கொளுத்திப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு என்ன குறை? இங்கே நான் சௌக்கியமில்லை. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. இந்தத் 'தாங்கள்' எத்தனை வரிக்கு நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

நிற்கவில்லை. ஏண்டா மாப்பிள்ளை, உன் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தாயே, குளித்தோமா துவட்டினோமா என்று இருக்க வேண்டியதுதானே? அதைப் போட்டோ எடுத்து உன் அக்காவுக்கு அனுப்பச் சொல்லி இங்கே யார் அழுதார்கள்? எங்கள் குளியலறையில் ஒரே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினால் தீர்ந்தது. பிளம்பரும் வாஷரோடுதான் வந்தார். உன் அக்கா நீ அனுப்பிய தொட்டிப் போட்டோவை அவரிடம் நீட்டினாள். வாஷர் பைக்குள் போயிற்று, சுத்தியல் வெளியே வந்தது. இன்றைக்கு அந்த அறையில் சுவரில் டைல்ஸ் இல்லை, தரையில் பூச்சு இல்லை. நாங்கள் இருவரும் விருந்தாளிகளுக்காகக் கட்டிய குட்டிக் கழிப்பறையில், வாளிக்கும் கம்மோடுக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்று குளிக்கிறோம். பிளம்பரைக் கேட்டால், "தொட்டி எங்க நிக்கும்னு சொல்லுங்க சார், அப்பதான் நான் தண்ணி போற டிரெயினேஜ் லைன் எடுக்க முடியும்" என்கிறார். டைல்ஸ்காரரைக் கேட்டால், "பிளம்பர் முடிக்கட்டும் சார்" என்கிறார். எல்லார் வேலையும் தொட்டியில் வந்து நிற்கிறது. தொட்டி மட்டும் எங்கேயும் வந்து நிற்கவில்லை.

கடைக்குப் போனோம். ஒரு நாளா இரண்டு நாளா? கடை வாட்ச்மேன் என்னைப் பங்குதாரர் என்று நினைத்து சல்யூட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டி என்றால் தொட்டி என்று இருந்தேன் நான். அங்கே போனால் முட்டை மாதிரி ஒன்று, படகு மாதிரி ஒன்று, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு செருப்பு மாதிரி ஒன்று, நாலு கால் வைத்து இப்போதே நடந்து வந்துவிடும் போல ஒன்று. வார்ப்பிரும்பில் இருக்கிறது, அக்ரிலிக்கில் இருக்கிறது, கல்லைப் பொடி செய்து வார்த்தது இருக்கிறது. கல்பொடித் தொட்டியில் வெந்நீர் சீக்கிரம் ஆறாதாம். டை கட்டிய விற்பனையாளர் அதைத் தடவித் தடவிப் பேசினார்.

"இது ஃப்ரீ ஸ்டாண்டிங் சார். சுவத்த நம்பி இல்ல. நடு ரூம்ல விட்டாலும் தனியா நிக்கும்."

"சுவத்துக்கும் இதுக்கும் நடுவுல எப்படிக் கூட்டித் துடைக்கிறது?" என்றேன். நியாயமான கேள்வி.

"கை போற அளவுக்கு இடம் விடணும் சார்."

"யார் கை?"

அவர் உன் அக்காவைப் பார்த்தார். உன் அக்கா என்னைப் பார்த்தாள். அத்தோடு அந்தக் கை என் கை என்று முடிவாகிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். அந்த மனிதர் இரண்டு பக்கமும் சாய்வு வைத்த தொட்டி ஒன்றைக் காட்டி, "இதுல குழாய் நடுவுல வரும் மேடம், சாரும் நீங்களும் எதிரெதிரா உக்காந்துக்கலாம்" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஏதோ திருகாணியை ஆராய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். உன் அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒருத்தர் மட்டும் படுக்கிற மாதிரி காட்டுங்க" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு, டை கட்டிய ஒரு மூன்றாம் மனிதர் முன்னால் வைத்து என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள்!

சரி, வெந்நீருக்கு எங்கே போவது? எங்கள் கெய்சரை முழுசாகத் திறந்துவிட்டாலும் அந்தத் தொட்டியில் கணுக்கால்தான் நனையும். அடுத்த தண்ணீர் சுடுவதற்குள் முதல் தண்ணீர் ஆறிவிடும். இதைச் சொன்னேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்பார்கள். இவள் யானையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அங்குசத்தை வாங்கிவிட்டாள். புதுக் கெய்சர், பெரியது, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் தண்ணீர் டம்ளர் வைக்கிறார்கள்.

என்னிடம் இருந்த கடைசி ஆயுதம் என் உத்தியோகம். லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சுமை ஏற்றிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. தொட்டியின் எடை, அதில் நிரம்பும் தண்ணீரின் எடை, உன் அக்காவின் எடை (இதை எழுத்தில் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை), மூன்றையும் கூட்டினால் ஏழெட்டு ஆள் தேறும். நாங்கள் இருப்பதோ மாடி வீடு. நேர் கீழே ஆடிட்டரின் குளியலறை. சுவரில் ஆணி அடித்தாலே மேலே ஏறி வந்து சண்டை போடுகிற மனிதர். அவரிடம் போய், "சார், உங்க தலைக்கு மேல ஒரு குளம் வரப்போகுது" என்று பற்றவைத்தேன். மனிதர் பறந்து வந்தார். பிறகு பிளம்பர், டைல்ஸ்காரர், எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன், குடிதண்ணீர் கேன் போட வந்தவர், பார்சல் கொடுக்க வந்தவர், ஆடிட்டர், ஆடிட்டரின் மனைவி, கடைசியாக நான் என்று எல்லாரையும் தொட்டி நிற்க வேண்டிய இடத்தில் தோளோடு தோள் நிற்க வைத்தேன். லிஃப்ட் சோதனையில் இதுதான் முறை.

"யாரும் அசையாதீங்க" என்றேன்.

"சார், நான் ஒரு கையெழுத்து வாங்கத்தான் வந்தேன்" என்றார் பார்சல்காரர்.

"எவ்வளவு நேரம் சார் நிக்கணும்?" என்று பிளம்பர் திரும்பினார். அவர் முழங்கை சுவரில் மிச்சமிருந்த ஷவர் திருகில் பட்டது. எட்டுப் பேரும் தொப்பலாக நனைந்தோம். பார்சலும் நனைந்தது. பார்சல் என்னுடையதுதான். தரை? ஒரு மயிரிழை அசையவில்லை. லிஃப்டாக இருந்தால் அந்த இடத்திலேயே சான்றிதழ் கொடுத்திருப்பேன். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உன் அக்காவிடம், "நல்ல ஸ்ட்ராங்காத்தான் இருக்கு மேடம். எந்தக் கடையில பாத்திருக்கீங்க? எங்க வீட்டுலயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். நம்பி அழைத்து வந்த சாட்சி, எதிர்க்கட்சிக்கு வக்கீலாகிவிட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மறுநாள் கடையில் உன் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் கல்பொடித் தொட்டிக்குள் இறங்கிப் படுத்தாள். சொட்டுத் தண்ணீர் கிடையாது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டில் போகிற வருகிற சனமெல்லாம் பார்க்கிறது. கண்ணை மூடிக்கொண்டாள். "என் கண்ணாடி உன் பையிலயா இருக்கு?" என்றேன். பதில் இல்லை. "ஏய், உன்னத்தான்" என்றேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். தூங்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்! கல்யாணமான நாளிலிருந்து நான் கூப்பிட்டு அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சண்டை நாட்களில்கூட "என்ன?" என்று ஒரு எரிச்சலாவது வரும். தொட்டி விளிம்பைத் தட்டி மறுபடியும் கூப்பிட்டேன். விற்பனையாளர் என் தோளைத் தொட்டு, "விடுங்க சார், மேடம் டெஸ்ட் பண்றாங்க" என்கிறார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன். "நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் பதில் சொல்லல?"

"அதுக்குத்தாங்க தொட்டி" என்றாள். கோபமாகச் சொன்னால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில வேலை பாத்த வரைக்கும் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டாங்க. எத்தனை பேரக் குளிப்பாட்டி விட்டிருப்பேன்! வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க கூப்பிட்டாங்க. அவங்க போனதும் நீங்க ரிடையர் ஆகி வந்தீங்க. தினம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத இடமா வேணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நான் கூப்பிடுகிறேனாம்! அவசியமில்லாமல் ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பேனா? ரிமோட் எங்கே, இந்தச் சட்டைக்கு இந்தப் பேண்ட் சரியா, இன்றைக்கு என்ன கிழமை, வெளியே தூறுகிறதே பார்த்தாயா, பேப்பரில் இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறதே கேட்டாயா? இதையெல்லாம் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? ஆக, ஊரில் உள்ள தொட்டியை எல்லாம் அலசி ஆராய்ந்தது குளிப்பதற்காக அல்ல, என்னிடமிருந்து தப்பிப்பதற்காக! எனக்கு வருத்தமாக இருக்கிறது மாப்பிள்ளை. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, இதைக் கொளுத்திய நீயே அணைத்துவிடு. அக்காவுக்குப் போன் செய். தொட்டியில் வழுக்கி விழுந்துவிட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது என்று எதையாவது சொல். பொய் சொல்ல உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல பெயர் எடுத்து, யாருக்கும் எந்தப் போட்டோவும் அனுப்பாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. காலையில் உன் அக்கா, "வேண்டாங்க, விட்டுடலாம். பழையபடி ஷவரே போட்டுக்கலாம்" என்றாள். ஜெயித்துவிட்டேன். அதற்கப்புறம் நான் கேட்டதற்கெல்லாம் கேட்ட உடனே பதில் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, எந்தச் சட்டை என்றுகூடக் கேட்காமல், தனியாகக் கடைக்குப் போய் அந்தக் கல்பொடித் தொட்டிக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருத்தர் படுக்கிறதுதான். எங்கே நிற்கும் என்று பிளம்பரிடமும் சொல்லிவிட்டேன். ஆகையால் நீ அக்காவுக்குப் போன் செய்து எதையும் உளறிவைக்காதே. எனக்குச் செய். தொட்டி வந்து நின்ற பிறகு, தினம் சாயங்காலம் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன், உடனே கூப்பிடு. அந்த ஒரு மணி நேரமும் எதையாவது பேசிக்கொண்டிரு. நான் மெதுவாகவே பேசுகிறேன், உள்ளே கேட்காமல்.