ஐந்தாவது சத்தம்

'காலை மணி பதினொன்று. பின்கதவு. எல்லாம் ச' என்பது வரைக்கும் எழுதிவிட்டார். மிச்ச எழுத்தைப் போடுவதற்குள் கூடத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது.

பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு பக்கத்தின் ஓரம் வரை ஓடியது. அவர் பெட்டியை நோக்கி ஓடினார். நான்கு எண்களை அழுத்த வேண்டும். அவசரத்தில் மூன்றை அழுத்திவிட்டு நான்காவதைப் பெட்டியே அழுத்திக்கொள்ளும் என்பதுபோல நின்றார்.

"ரெண்டு, ரெண்டு! கடைசில ரெண்டு!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

சத்தம் நின்றது. அடுத்த நொடி போன் அடித்தது. மகள். வேறு ஊரில் இருக்கிறாள். இங்கே பெட்டி கத்தினால் அங்கே அவள் போனும் சேர்ந்து கத்தும்.

"அப்பா! யாருப்பா உள்ள வந்தது?"

"யாருமில்லம்மா. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தேன்."

"எதுக்கு நின்னீங்க?"

"சத்தம் எதுவும் வரலன்னு எழுதறதுக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "இது மூணாவதுப்பா."

"தெரியும்மா. குறிச்சிருக்கேன்."

குறிக்காமல் இருப்பாரா? அலுவலகத்தில் கடிதப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். வந்த கடிதம், போன கடிதம், போகாமல் நின்ற கடிதம், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்தே பழகியவர். தெருவில் அவருக்கு 'நகல் சார்' என்று பெயர். பால்காரருக்கு எழுதிய 'நாளை வேண்டாம்' சீட்டுக்குக்கூட வீட்டில் நகல் உண்டு.

இந்தப் பெட்டி வந்த கதை சின்னது. இரண்டு மாதத்துக்கு முன்னால், மனைவியின் முழங்காலைக் காட்டுவதற்காக இருவரும் டாக்டரிடம் போனார்கள். முன்கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துப் பூட்டிய நகல் சார், பின்கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எதுவும் காணாமல் போகவில்லை. ஒரு நாய் மட்டும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் ஒரு வேடிக்கையாக மகளிடம் போனில் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான்.

"நாய் வந்த வழியில ஆள் வர எவ்வளவு நேரமாகும்ப்பா? வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

"இந்த வீட்டை விட்டு நான் எங்க வர்றது?"

பேச்சு நீண்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. மகள் ஆள் அனுப்பிக் கூடத்தில் பெட்டியை மாட்ட வைத்து, கதவு திறந்தால் அதற்குச் சொல்லும் சின்னச் சின்னக் கட்டைகளைக் கதவுகளில் எல்லாம் ஒட்ட வைத்தாள். விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அதே பெட்டியோடு சேர்த்தாள். எண்ணை அழுத்திவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஒரு மாதம் பார்ப்பது. வீண் சத்தம் நான்கு வரை மன்னிப்பு. ஐந்தாவது வந்தால் மறுபேச்சு இல்லாமல் அவள் வீட்டுக்குப் போவது.

நகல் சார் அன்றைக்கே ஒப்பந்தத்தை எழுதி, ஒரு நகல் மகளுக்கு அனுப்பினார்.

அவருக்கு இது விளையாட்டு இல்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு ஒயரும் எந்தச் சுவருக்குள் எப்படி வளைகிறது என்று அவருக்குத் தெரியும். மகள் வீட்டில் குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போனால், தான் தன்னுடைய நகலாக மட்டுமே இருப்போம், மூலப் பிரதி இங்கேயே கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதவும் இல்லை. அவர் எழுதாமல் விட்டவை ரொம்பக் குறைவு.

வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரர் நின்றார். முதல் சத்தத்துக்குத் துணி வெட்டும் கத்தரியோடு ஓடி வந்தவர். இரண்டாவதுக்குக் கழுத்தில் தொங்கிய டேப்போடு நடந்து வந்தார். இன்றைக்குப் படியேறக்கூட இல்லை.

"அண்ணே, திருடனா, சோதனையா?"

"சோதனைதான்."

"அப்ப நான் சட்டைக்குக் காஜா எடுக்கப் போறேன்."

நகல் சார் யோசித்தார். மூன்று முறையும் தற்செயலாக அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பெட்டி வைத்த நாளிலிருந்து காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஒவ்வொரு கதவாகப் போய், கட்டையை உற்றுப் பார்த்து, நிலைப்படியிலேயே நோட்டைச் சாய்த்து எழுதுவது அவர் வழக்கம். அதற்கென்றே மனைவி ஒரு நோட்டு வாங்கி வந்திருந்தாள். தோல் மாதிரி பழுப்பு அட்டை, மேலே ஒரு மடிப்பு. மூடினால் 'டப்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும்.

முப்பத்தெட்டு வருடமாக அவருடைய நோட்டுகளைப் பார்த்து "இதையெல்லாம் எரிச்சா ஒரு வாரத்துக்கு வெந்நீர் போடலாம்" என்று சொல்லி வந்தவள் அவள். அவள் கையால் ஒரு நோட்டு! அதைக் கையில் வாங்கிய அன்றைக்கே நகல் சார் முதல் பக்கத்தில் தேதி போட்டு 'அன்பளிப்பு' என்று எழுதி வைத்தார்.

"நல்லவேளை, நான் பக்கத்துல இருந்தேன். இல்லேன்னா எப்ப அடிச்சதுன்னே தெரிஞ்சிருக்காது. இனிமே ஆறு வேளை பாக்கணும்" என்றார் மனைவியிடம்.

"ஆறா? பாருங்க, பாருங்க" என்றாள் அவள்.

அன்று மாலையே மகளுக்கு ஒரு கடிதம் தயாரானது. வீட்டைவிட்டு ஏன் வர இயலாது என்பதற்குப் பதினான்கு காரணங்கள். எழுதி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"'நாங்கள்'னு எத்தனை எடத்துல வருது?"

எண்ணினார். "பதினொண்ணு."

"ம்."

"ஏன், எதையாவது மாத்தணுமா?"

"வேணாம். கையெழுத்து நல்லா இருக்கு."

மறுநாள் அவர் பழுதைத் தேடக் கிளம்பினார். முதல் சந்தேகம் பல்லி. கட்டைக்குக் கட்டை துடைத்தார். இரண்டாவது சந்தேகம் காற்று. காற்றில் கதவு மயிரிழை ஆடினால்கூடப் பெட்டிக்குத் தெரிந்துவிடுமோ? பழைய கடித நகல்களை எட்டாக மடித்து, பின்கதவின் இடுக்கெல்லாம் அடைத்தார். கதவு மலை மாதிரி நின்றது.

அப்போது மனைவி முன்கதவு வழியாகத்தான் போயிருந்தாள், துணி காயப்போடப் பின்பக்கம். அது அவருக்குத் தெரியாது.

"என்னங்க, கதவைத் தெறங்க! வாளியோட சுத்தி வர முடியாது, கால் வலிக்குது!"

எண்ணை அழுத்தினார். திறப்பதற்கு அரை நிமிடம் அனுமதி உண்டு. அந்த அரை நிமிடமும் கதவை இழுத்தார். அது அசையவில்லை. கடித நகல்கள் அவ்வளவு விசுவாசமாகப் பிடித்திருந்தன. காலை நிலையில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தார். கதவும் திறந்தது, நேரமும் முடிந்திருந்தது, பெட்டியும் அலறியது.

வாளியோடு நின்ற மனைவி கேட்டாள்: "நான் வெளிய நின்னதைக் குறிச்சாச்சா?"

நான்கு.

இனி விடக்கூடாது என்று பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தார். 'எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க, கீழே உள்ள சிறு துளையில் பத்து நொடி அழுத்தவும்.' மனைவியிடம் ஒரு ஊக்கு வாங்கினார். பத்து நொடி போதாதோ என்று இருபது நொடி அழுத்தினார்.

பெட்டிக்கு எல்லாம் மறந்துபோனது, பாஷை உட்பட; கத்துவதும் மகளுக்குச் சொல்வதும் மட்டும் மறக்கவில்லை. இதுவரை தமிழில் "கதவு திறந்துள்ளது" என்று சொன்னது, இப்போது யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் நீளமாக ஏதோ சொன்னது. வாசல் மணியை அழுத்தினால் மின்விசிறி நின்றது. பின்கதவைத் திறந்தால் மாடி விளக்கு எரிந்தது. மாடி விளக்கை அணைக்க யாராவது மாடிக்குத்தான் போக வேண்டும்.

தையல்காரர் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "எதையோ அளவு எடுத்துச் சொல்ற மாதிரி இருக்குண்ணே."

"ரொம்ப நேரமா கெஞ்சுது. ஏதாவது பதில் சொல்லிடுங்க, பாவம்" என்றாள் மனைவி.

நகல் சார் கம்பெனிக்கு எழுதினார். பொருள், பார்வை, இணைப்பு என்று எதையும் விடவில்லை. நோட்டிலிருந்து பதினாறு பக்கம் நகலெடுத்து இணைத்தார். இடைப்பட்ட நாட்களில் ஆறு வேளை எட்டு வேளையானது. இதற்கிடையில் மனைவி தன் சேலைகளை இரண்டு பையில் கட்டி வாசலோரம் வைத்ததைப் பார்த்தார்.

"எதுக்கு இப்பவே?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

அவளுடைய முன்யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. தன்னோடு இத்தனை வருடம் இருந்ததில் கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தாறாம் நாள், மாலை நான்கு மணி. 'பின்கதவு. கடந்த இருபத்துநான்கு மணி நேரமாக' என்று எழுதி, அடுத்த வரிக்கு நோட்டை நிலைப்படியில் சற்று ஏற்றிப் பிடித்தார்.

ஐந்து.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "அப்பா, ஞாயித்துக்கெழமை வண்டியோட வரேன். கீழ் ரூமை உங்களுக்குத்தான் ஒழிச்சு வச்சிருக்கேன். படியே ஏற வேணாம்" என்றாள் மெதுவாக.

நகல் சார் மாடிப்படியில் உட்கார்ந்தார். படுக்கையறை மாடியில். தினமும் ஏறி இறங்கும் படிதான், ஆனாலும் அதில் உட்கார்ந்தது அன்றுதான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டுல ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும்" என்றார்.

"எனக்கும் தெரியும். பதினேழு."

அவளுக்கும் தன்னைப் போலவே வீட்டின்மேல் உயிர் என்று அவருக்குத் தோன்றியது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். கூடத்தில் பெட்டி தன் பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி மெக்கானிக் வந்தார். பெட்டியை முதலில் மாட்டிவிட்டுப் போன அதே ஆள்தான். நாற்பது வயதிருக்கும், நிதானமானவர். பெட்டி மாட்டிய அன்றைக்கு அவர் வேலை செய்யும்போது மனைவி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். டிவி ரிமோட்டையே தொடாதவளுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நகல் சார் வியந்தது உண்டு.

மெக்கானிக் கால்மணி நேரத்தில் பெட்டிக்குத் தமிழை மீட்டுக் கொடுத்தார். பிறகு பதினாறு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். தன் இணைப்புகளை ஒருவர் முழுதாகப் படிப்பதை நகல் சார் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தார்.

"சார், நாலாவதைத் தவிர எல்லாமே நீங்க எழுதிட்டு இருக்கும்போதுதான் அடிச்சிருக்கு."

"ஆமா. அதனாலதான் நேரமெல்லாம் இவ்வளவு துல்லியமா இருக்கு."

மெக்கானிக் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்பவும் எழுதற மாதிரி ஒரு தடவ எழுதிக் காட்டுங்க."

நகல் சார் பின்கதவுக்குப் போனார். கட்டையை உற்றுப் பார்த்தார். நோட்டை நிலைப்படியில் சாய்த்தார். தேதி போட்டார். நோட்டைச் சற்று ஏற்றினார்.

பெட்டி அலறியது. எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, லீவு நாள்லயுமா?"

மெக்கானிக் நோட்டை வாங்கி மூடினார். டப். பெட்டிமேல் கிடந்த ஊக்கை எடுத்து அந்த மடிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊக்கு அவர் விரலிலிருந்து தாவிப் போய் ஒட்டிக்கொண்டது.

"காந்தம் சார். கதவுல ஒரு காந்தம் இருக்கு, அதைப் பாத்துதான் கதவு மூடியிருக்குன்னு இந்தக் கட்டைக்குத் தெரியும். வேற காந்தம் பக்கத்துல வந்தா குழம்பிடும். கதவைத் தெறந்துட்டாங்கன்னு நெனச்சுக் கத்தும். உங்க வீட்டுல பழுதே கெடையாது. பழுது இருக்கான்னு பாத்ததுதான் பழுது."

நகல் சார் முதலில் விழித்தார். பிறகு சிரித்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். உடனே மகளுக்குப் போன் போட்டு மெக்கானிக் கையில் கொடுத்தார். ஒரு மாதத்தில் முதல் முறையாக மகள் சிரித்தாள்.

"சரிப்பா, நோட்டு பண்ணினதுக்கு உங்களை என்ன சொல்றது? அஞ்சையும் தள்ளிடறேன். வண்டி வேணாம்னு சொல்லிடறேன். நீங்க ஆசைப்பட்ட மாதிரி அங்கயே இருங்க."

"கேட்டியா? நாம இங்கதான்!" என்று சமையலறை வாசலைப் பார்த்துக் கூவினார்.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். "அப்ப நாளைக்கு வண்டி வராதா?"

"வராது!"

"ம்."

வாசலோரம் இருந்த இரண்டு பைகளில் ஒன்றை எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, மெதுவாக ஏறினாள். நகல் சார் நோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் போட மனசு வரல. முப்பத்தெட்டு வருஷத்துல அவ எனக்குன்னு வாங்கிக் குடுத்த ஒரே நோட்டு இது."

மெக்கானிக் வாசலில் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மாவைத் திட்டாதீங்க சார், வயசானா மறதி வரத்தான் செய்யும், காந்தம் பக்கத்துல வந்தா இது கத்துமான்னு மாட்டின அன்னிக்கே ரெண்டு தடவ கேட்டாங்க, கட்டாயம் கத்தும்னு நானும் சொன்னேன், அப்படியும் மறந்துபோய் இந்த நோட்டை வாங்கிட்டாங்க பாருங்க."