பதினோரு டப்பா தேயிலை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லிஃப்ட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் இனிமேல் டீத்தூள் கொதிக்கக் கூடாது. முழு இலை மட்டும்தான்.

"இலை இல்லாத டீ, டீயே இல்லை" என்று சமையலறை வாசலில் நின்று அறிவித்தார். சொல்லி முடித்ததும் அது தனக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு தேயிலை வியாபாரியின் கட்டடத்தில் லிஃப்ட், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. பழுதுபார்க்கப் போன இவர், கம்பெனியிலிருந்து பிரேக் வந்து சேரும்வரை மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார். வியாபாரி நல்ல மனுஷர். ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒவ்வொரு வகை இலையாக ஊறவைத்து நீட்டினார். கண்ணாடிக் கோப்பைக்குள் சுருண்டு கிடந்த இலை சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல விரிந்ததை லிஃப்ட்டுக்காரர் குனிந்து பார்த்தார். ஒன்று தேன் நிறம், ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று பழைய செப்புக் கம்பியின் நிறம். கடைசியாக முந்தின நாளே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ஐஸ் போட்ட டீ. அதில் ஒரு வாய் குடித்ததும் தொண்டையிலிருந்து குதிகால்வரை குளிர்ந்தது. சாயங்காலம் லிஃப்ட் நல்லபடியாகக் கீழே இறங்கியது. இவர்தான் இறங்கவில்லை.

அன்றைக்கு ஒரு டப்பாவோடு வந்தார். இப்போது அலமாரியில் பதினோரு டப்பா. தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு வெப்பமானி. லிஃப்ட் கதவு எத்தனை செகண்டில் மூடுகிறது என்று பார்ப்பதற்காகக் கம்பெனி கொடுத்த ஸ்டாப்வாட்ச், இப்போது இலை எத்தனை செகண்ட் ஊறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருப்பவள். பதினெட்டு வருஷமாக, போனில் கத்துகிறவர்களைக் கத்தவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் சார்" என்று சொல்லிச் சொல்லியே வாயடைத்து அனுப்பியவள். இதை லிஃப்ட்டுக்காரர் அந்தச் சனிக்கிழமை காலையில் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள். டீத்தூள் டப்பாவை அவளே எடுத்துக் குப்பையில் கவிழ்த்தாள். "எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தார். பச்சைத் தேயிலைக்கு எண்பது டிகிரி, இரண்டு நிமிஷம். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவான ஊலாங்குக்குத் தொண்ணூறு, மூணு நிமிஷம். கறுப்புக்குத் தொண்ணூற்றைந்து, நாலு நிமிஷம். வெள்ளைக்கு எழுபத்தைந்து, அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துச் செய்ய வேண்டும். ஐஸ் டீ என்றால் எட்டு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"ஏங்க, இதெல்லாம் எனக்கு வருமா? நாலு நிமிஷத்துல போன் வந்தா அஞ்சாயிடும். ஒரு டிகிரி கூடினா உங்க இலை பாழாயிடுமே."

"பாழாயிடும்தான்."

"ஆசை ஆசையா வாங்கினது. என் கையால கெடணுமா? நீங்களே போடுங்க. நான் ஒத்தாசைக்குக் குடிக்கிறேன்."

லிஃப்ட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய வேலை நுணுக்கத்தை அவள் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

முதல் வாரம் சொர்க்கம். கோப்பையை நீட்டுவார், அவள் கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோவாள், "அடடா" என்பாள். அதைக் கேட்கவே அடுத்த கோப்பைக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.

மூன்றாவது வாரம் அவருக்குக் கணக்கு இடித்தது. காலை ஐந்தரைக்குப் பச்சை. அவள் கிளம்பும் முன் கறுப்பு. ஆபீசுக்கு பிளாஸ்க்கில் ஐஸ் டீ. சாயங்காலம் திரும்பி வந்ததும் ஊலாங். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளை. நடுநடுவே வடிகட்டிகளையும் கோப்பைகளையும் கழுவ வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், டீ தானாக வரும். இப்போதும் டீ தானாகத்தான் வந்தது. நாற்காலியில்தான் ஆள் மாறிவிட்டது.

ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார். "இன்னிக்கு நீதான் போடேன்."

"போட்டாப் போச்சு." பேப்பரை மடித்துவிட்டு உடனே எழுந்தாள். "தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அந்த வெள்ளையை ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டு, ஒரு கொதி விட்டு..."

"நீ உட்காரு" என்றார். வேறென்ன சொல்வது?

பிளாஸ்க் வேறு வளர ஆரம்பித்தது. புகார்ப் பிரிவில் ஆறு பேர். முதலில் பக்கத்து மேஜைக்காரிக்கு ஒரு வாய் ருசி காட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் அரை லிட்டர் பிளாஸ்க் போய் இரண்டு லிட்டர் பிளாஸ்க் வந்தது. "உங்க வீட்டுக்காரர் பெரிய கலைஞர்னு சொல்றாங்க" என்று வந்து சொன்னாள். கலைஞர் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் டிரைவிங் வாத்தியார் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் மாணவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்தவர். அதனால் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், யாராவது வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தும். லிஃப்ட்டுக்காரர் அவரிடம் போய்த் தன் கஷ்டத்தைக் கொட்டினார். வாத்தியார் மூன்று தடவை பிரேக் அடித்தார்.

"அவங்களுக்கு நிஜமாவே இலை டீயோட அருமை தெரியுதா?" என்று கேட்டார்.

"கண்ணை மூடி 'அடடா'ங்கறா."

"அதை யார் வேணும்னாலும் சொல்லலாமே. ஒரு பரீட்சை வைங்க. நாலு இலை டீ, கூட ஒரு சாதா தூள் டீ. தூளையும் அடடான்னு சொல்லிட்டாங்கன்னா மாட்டினாங்க. இலைக்கும் தூளுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு எதுக்கு டிகிரி, எதுக்கு நிமிஷம்? அவங்களே கொதிக்க வெச்சுக்கட்டும், உங்களுக்கும் சேர்த்து."

"தூளுக்கு எங்க போறது? எல்லாத்தையும் கொட்டியாச்சு."

வாத்தியார் உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரீட்சை. வாத்தியார்தான் நடுவர். லிஃப்ட்டுக்காரர் நிபந்தனையை வாசித்தார்.

"அஞ்சு கோப்பை. எது எதுன்னு சரியா கண்டுபிடிச்சா ஆயுசு பூரா நான் போடறேன். தப்பா சொன்னா நாளையிலேருந்து நீ போடணும்."

"நீங்க சொல்றது சரிதான்" என்று மனைவி கண்ணைக் கைத்துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் கோப்பை வெள்ளை.

"வெந்நீர்" என்றாள்.

லிஃப்ட்டுக்காரர் அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பதினோரு டப்பாவிலேயே விலை கூடியது அது. இருந்தாலும் ஜெயிக்கிறோமே என்று பொறுத்துக்கொண்டார்.

இரண்டாவது பச்சை. "இது அந்தக் கறுப்புதானே?" மூன்றாவது கறுப்பு. "இது ஊலாங்." நான்காவது ஊலாங். "தெரியலைங்க, நாக்கு குழம்பிடுச்சு."

ஐந்தாவது கோப்பை. வாத்தியார் வீட்டுத் தூள். லிஃப்ட்டுக்காரர் தொழில் சுத்தமானவர். ஏமாற்று வேலையைக்கூட ஏனோதானோ என்று செய்ய அவருக்கு மனசு வராது. தொண்ணூற்றைந்து டிகிரியில் நாலு நிமிஷம் ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டிக் கொண்டுவந்திருந்தார்.

மனைவி ஒரு வாய் உறிஞ்சினாள்.

"தூள்" என்றாள்.

லிஃப்ட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். வாத்தியார் கால் பிரேக்கை அடிவரை அழுத்தியது.

"என்ன... என்ன சொன்னே?"

"தூளா இருக்குன்னேன். பிரமாதம். இதுவரைக்கும் நீங்க போட்டதுலயே இதுதான் ஒசத்தி. புதுசா வாங்கின இலையா?"

லிஃப்ட்டுக்காரர் மூச்சை விட்டார். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தீர்ப்பைச் சொன்னார். அது இலையே இல்லை. எதிர்வீட்டு டீத்தூள்.

மனைவி கண்கட்டை அவிழ்த்தாள். கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தோத்தது தோத்ததுதான்" என்றாள். "நாளையிலேருந்து நான் போடறேன். ஒரே ஒரு சந்தேகம். இதைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"நீங்களேவா? இருபத்திரண்டு வருஷம் நானும் தூள்தானே போட்டேன். ஒருநாளாவது இப்படி வந்திருக்கா? சார், நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. உங்க வீட்டுத் தூளான்னு சொல்லுங்க."

வாத்தியார் குடித்தார். நேர்மையான மனுஷர். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் குடித்தார்.

"இது எங்க வீட்டுல வர்ற டீயே இல்ல" என்றார். "சத்தியமா."

"அப்ப இலையில ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவள் போல. "எல்லாம் இவர் கையில இருக்கு. நான்தான் இத்தனை நாளா டப்பாவைப் புகழ்ந்துக்கிட்டு இருந்திருக்கேன். போகட்டும். நாளைக்கு நான் போடறது எப்படி இருந்தாலும் ரெண்டு பேரும் குடிச்சுத்தானே ஆகணும்."

கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

லிஃப்ட்டுக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார். இத்தனை வருஷம் கிரீஸ் அப்பிக் கிடந்த கை. மூன்று டன் எடையைத் தூக்கும் கம்பி வடத்தை முடுக்கும் கை. அதற்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. நெஞ்சு நாலு மாடி மேலே போனது.

"நீ விடு" என்றார். "கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கில்ல. அதை இன்னொருத்தர்கிட்ட தூக்கிக் குடுத்துட முடியாது. நானே போடறேன்."

"பந்தயம் நீங்கதானே ஜெயிச்சீங்க?"

"பந்தயம் கிடக்குது. சார் சாட்சி. ஆயுசு பூரா நான்தான் போடுவேன்."

வாத்தியாரின் கால் தரையில் கிடந்து தவித்தது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காத நேரங்களும் உண்டு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பச்சைத் தேயிலையை நீட்டும்போது லிஃப்ட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இருந்தாலும் நீ தூளைப் போய் ஒசத்தின்னியே. உங்க ஆபீசுல அந்த ஆறு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லப்போறேன். இவ்வளவு நாள் குடிச்சும் நாக்கு பழகலையேன்னு சிரிப்பாங்க."

மனைவி பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினாள்.

"எதிர்வீட்டுல டீத்தூளைத் துணி சோப்பு இருக்கிற அலமாரித் தட்டுலதான் வெச்சிருக்காங்க" என்றாள். "நீங்க கோப்பையோட நடையில வரும்போதே எனக்குச் சோப்பு வாசனை வந்துடுச்சு."

"அப்ப நீ... தெரிஞ்சுமா?"

"முதல் வாய்லயே சொன்னேனே, தூள்னு. நீங்கதான் என்ன என்னன்னு பதறினீங்க. பந்தயத்துல தோத்துட்டுப் போடற டீ ருசிக்குமா?"

லிஃப்ட்டுக்காரர் வடிகட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மனைவி கோப்பையைக் காலி செய்து அவர் கையில் கொடுத்தாள்.

"பில் செக்ஷன்லயும் ஒன்பது பேர் கேக்கறாங்க. நாளைலேருந்து ரெண்டு பிளாஸ்க்கா போட்டுடுங்க."