ஆடிட்டர் பரீட்சைக்குப் பணம் கட்டமாட்டேன் என்ற தமிழரசன்

"இந்தத் தடவை கட்டப் போறதில்ல. ஒத்தப் பைசா கிடையாது!"

காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த கையோடு தமிழரசன் பிரகடனம் செய்துவிட்டார். சட்டசபையாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பார்கள். வீடாகப் போனதால் அவர் மனைவி வானதி இட்லியை வைத்துவிட்டுச் சட்னி எடுக்கப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். மகள் பிரகதீஸ்வரி கடைசி ஆடிட்டர் பரீட்சை எழுத வேண்டும். கட்டணம் கட்ட அன்று சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் கெடு. சென்னையில் ஓர் ஆடிட் ஆபீசில், இந்தத் தடவை முடித்துவிட்டு வந்தால் வேலை என்று சொல்லி இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். தவறவிட்டால் அந்த இடம் வேறொருத்தருக்குப் போய்விடும்.

இது தமிழரசனுக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். மகள் ஆடிட்டராகப் போகிறாள் என்று உரக்கடை முதல் சலூன் வரைக்கும் சொல்லி வைத்திருப்பவரே அவர்தான். ஆனால் மனிதர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடைமடை விவசாயி. கல்லணையில் திறக்கிற தண்ணீர் வழியில் இருக்கிற வயலெல்லாம் குடித்து, மிச்சம் மீதி இருந்தால்தான் அவர் வயலுக்கு வரும். மேலே இருக்கிறவன் என்ன செய்கிறானோ, ஏது செய்கிறானோ என்று சந்தேகப்பட்டே வளர்ந்த பரம்பரை. கோயிலில் சுண்டல் வாங்கினாலும் பக்கத்து ஆளின் தொன்னையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய்ப் பரீட்சைக் கட்டணத்தை ஏத்திவிட்டார்கள் என்றால் சும்மா விடுவாரா?

"போன தடவை ஒரு ரேட்டு, இந்தத் தடவை ஒரு ரேட்டு. யாரைக் கேட்டு ஏத்துனான்?"

"ஆடிட்டருங்க மன்றம் ஏத்தியிருக்குங்க. பரீட்சை நடத்துறது அவங்கதானே" என்றாள் வானதி.

"கேள்வித்தாள் போடுறது யாரு?"

"அவங்கதான்."

"திருத்துறது?"

"அவங்கதான்."

"பெயிலாக்குறது?"

"அதுவும் அவங்கதான்."

"பெயிலானா மறுபடி பணம் வாங்குறது?"

வானதி சட்னியைக் கலக்கினாள்.

"பாத்தியா! மடையும் அவன், ஷட்டரும் அவன், ஷட்டர் சாவி வச்சிருக்குற லஸ்கரும் அவன். நம்ம புள்ள பாஸாயிட்டா அவன் வருமானம் போச்சுல்ல? எப்படிடி பாஸ் போடுவான்?"

உள்ளே இருந்து பிரகதீஸ்வரி குரல் கொடுத்தாள். "அப்பா, மன்றத்துக்கெல்லாம் தேர்தல் இருக்குப்பா. ஆடிட்டருங்க ஓட்டுப் போட்டுத்தான் ஆளுங்களைத் தேர்ந்தெடுக்குறாங்க. வருஷா வருஷம் வரவு செலவு வெளியிடுறாங்க."

"ஓட்டு யாருக்கு? பாஸானவனுக்கு. பணம் கட்டுறது யாரு? பாஸாகாதவன். தலைமடைக்காரன் கூட்டம் போட்டுக் கடைமடைக்கு முறை வச்ச கதையால்ல இருக்கு!"

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் வம்பு. முழுசாகத் தப்பாகப் பேசுகிறவரை மடக்கிவிடலாம். பாதி சரியாகப் பேசுகிறவரை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது?

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நான் மன்றத்துக்கு எழுதிக் கேக்கப் போறேன். எதுக்கு ஏத்துனன்னு பதில் போடட்டும், கட்டுறேன்."

"பதில் எப்பப்பா வரும்?"

"வரும்போது வரும்."

பிரகதீஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கதவைத் தட்டப் போனார். ஆனாலும் சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் மூணரை மணிக்குத் திரும்பி வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. வானதி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு சாந்தம். ஊரையே சந்தேகப்படுகிற மனிதர் அந்தச் சாந்தத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமோ? விதி, விட்டுவிட்டார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. கட்ட வேணாம்."

தமிழரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது?"

"எங்க அண்ணனும் அதையேதான் சொல்லுச்சு."

"யாரு, பூதலூரா?"

வானதியின் அண்ணன் ராஜராஜனுக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது, ஊர்தான். பூதலூர் தலைமடை, தண்ணீர் முதலில் பாய்கிற இடம். ஒரு வருஷம் அவர், "மாப்ளே, இந்தத் தடவை குறுவை வேணாம், தண்ணி வராது" என்று சொன்னார். இவரும் நம்பித் தரிசாகப் போட்டார். அந்த வருஷம் பூதலூரில் குறுவை பச்சைப் பசேல் என்று நின்றது. பாவம், ராஜராஜன் நல்ல மனசோடுதான் சொன்னார் என்று ஊரே சொல்லிற்று. நம்பாதவர் ஒரே ஒருத்தர்தான்.

"போன் பண்ணுச்சுங்க. 'மாப்பிள்ளையக் கட்ட வேணாம்னு சொல்லு, பொண்ணுக்கு எதுக்கு வீண் செலவு'ன்னுச்சு."

"அவரு மவனும் இதே பரீட்சைதானே எழுதுறான்?"

"ஆமாங்க."

"அவனுக்குக் கட்டியாச்சா?"

"அதை நான் கேக்கலீங்க. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?"

தமிழரசன் சொம்பைக் கீழே வைத்தார். "அடப்பாவி மனுஷா! எனக்கு விதைக்காதேன்னு சொல்லிட்டு அவரு நாத்தங்கால் போடுறாரா? ஒரு தடவ ஏமாந்தேன். மறுபடியுமா?"

"அய்யோ, அண்ணன் அப்படியெல்லாம் நினைக்காதுங்க. பேசாம கட்டாம விட்டுருங்க."

"நீ உங்க அண்ணனுக்குத்தான் பரிஞ்சு பேசுவே! பிரகதி! கெளம்பும்மா!"

மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியை ஒரு விரட்டு விரட்டினார். பட்டுக்கோட்டையில் ஷஹ்பாஸின் பிரவுசிங் சென்டர் வாசலில்தான் நிறுத்தினார்.

"என்ன சார், இவ்வளவு அவசரம்?" என்றார் ஷஹ்பாஸ்.

"பூதலூர்ல முந்திட்டாங்கப்பா!"

ஷஹ்பாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேல எவனோ அடைக்கிறான்" என்றார் தமிழரசன்.

"சர்வர் பிஸி சார். கடைசி நாள்ல எல்லாரும் கட்டுவாங்க."

"எல்லாருமா? அந்தா, அவரு மவனும் அதுக்குள்ளதான் இருக்கான்!"

ஒருவழியாக, ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பணம் போய்ச் சேர்ந்தது. கட்டணம் ஏறியதைப் பற்றி மனிதர் மூச்சு விடவில்லை. ரசீதை மட்டும் ரெண்டு பிரதி எடுக்கச் சொன்னார். பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"தேங்க்ஸ்ப்பா."

"நீ நல்லா எழுதும்மா. எவன் பெயிலாக்குறான்னு பாப்போம்" என்றார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. உள்ளபடிக்கு, காலையிலிருந்து அவர் ஏங்கிக் கிடந்ததும் இதற்குத்தான்.

ஜெயித்த சூடு ஆறுமா? வாசலுக்கு வந்து பூதலூருக்குப் போன் போட்டார். ஒரே மணியில் எடுத்துவிட்டார் ராஜராஜன்.

"மச்சான்! கட்டிட்டேன். உங்க தலைமடை வேலையெல்லாம் இனிமே நம்மகிட்ட நடக்காது!"

"ரொம்ப சந்தோஷம் மாப்ளே" என்றார் ராஜராஜன், வெல்லப்பாகுக் குரலில். "அஞ்சு மணிக்கே கூப்பிட்டுத் திட்டுவீங்க, பேசாம வாங்கிக்கண்ணேன்னு வானதி சொல்லியிருந்துச்சு. ஏன் இவ்வளவு லேட்டு?"