மேட்டூட்டுப் பழனாயியின் பித்தப்பை

அரியூர் நாடு,
கொல்லிமலை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை யுவராஜ் அவர்களுக்கு, உங்கள் மாமனாரும், உங்கள் அம்மா பொன்னாயிக்கு உடன்பிறந்த அண்ணனும், மலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய அப்புசாமி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எழுதினால் பொய்யாகிவிடும், எழுதாவிட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு. ஆகவே இங்கு மிளகுக் கொடி நலம், மரவள்ளி நலம், சினை மாடு நலம். உங்கள் அத்தை நலமில்லை. நீங்களும் தாமரைச்செல்வியும் பேரன் சபரீஷும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் பாறைமேல் ஏறி, டவர் கிடைக்கிற ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று உங்களைக் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன் மாமா, ஒரு மெயில் போட்டு விடுங்க" என்றீர்கள். இதோ போட்டிருக்கிறேன். ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறேன்.

ஆடி நோம்பிக்கு நீங்கள் வந்திருந்தபோது, சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டு, உங்களுக்கு அப்படி என்னதான் வேலை என்று கேட்டேன். நீங்களும் கையைக்கூடக் கழுவாமல் பொறுமையாகச் சொன்னீர்கள். "ஒவ்வொரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரும் ஒவ்வொரு பாஷை பேசுதுங்க மாமா. எல்லாம் ஒரே மாதிரி பேசறதுக்கு நாங்க ஸ்டாண்டர்டு பண்ணிட்டிருக்கோம். இனி ஒரு ஆஸ்பத்திரியில பாத்தது இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தானாப் போயிரும். சீட்டைத் தூக்கிட்டு யாரும் அலைய வேண்டியதில்லை" என்றீர்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் மலையில் பிறந்த பையன் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேச்சு கற்றுக்கொடுக்கிறான் என்று, பஸ் நிறுத்தத்துச் சின்னராசு கடையில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது எனக்கு டீ ஆற்றும்போதெல்லாம் சின்னராசு சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்கும் இதில் பங்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அத்தைக்குப் புரட்டாசியிலிருந்து வலது விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்டால் வலி, சாப்பிட்டதை நினைத்தால் வலி. மலை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தவுடனேயே, பித்தப்பையில் கல் இருக்கும், கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிடுங்கள், விட்டால் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்து என்று தெளிவாகச் சொன்னார். நல்ல டாக்டர். சீட்டு கேட்டேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல போயிருங்க, சும்மா போனாப் போதும்" என்றார். எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது, பெருமையாக இருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். அந்த வளைவுகளில் எத்தனையோ பேர் வாந்தி எடுத்துப் பார்த்தவன் நான், ஆனால் பெண்டாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதை அன்றுதான் பார்த்தேன். "பொறு பழனா, நாம போறதுக்கு முன்னாலயே உன்ர விவரமெல்லாம் அங்க போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். போயிருந்தது மாப்பிள்ளை, நன்றாகவே போயிருந்தது.

டவுன் டாக்டர் அத்தையைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் பித்தப்பையை ஏற்கெனவே எடுத்தாச்சே" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "ஏனுங்க, எடுத்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா?" என்று அவள் கேட்டாள். "மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்பாங்க, தெரியாது" என்றார் அவர். வயிற்றில் தழும்பே இல்லையே என்று நான் சொன்னேன். "இப்பெல்லாம் சின்னத் துளை போட்டு எடுத்துர்றாங்க. மறைஞ்சிருக்கும்" என்றார். படித்தவர், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி ஸ்கேன் எடுக்க வைத்தேன். ஸ்கேன் எடுத்தவர் நல்ல மனுஷன், திரையில் பையையும் அதற்குள் கல்லையும் எனக்கே காட்டினார். ஆனால் ரிப்போர்ட்டில், பித்தப்பை அகற்றப்பட்ட இடத்தில் கற்களுடன் பை போன்ற ஒன்று காணப்படுகிறது என்று எழுதிவிட்டார். ஏனென்று கேட்டால், "இல்லாத உறுப்பை நான் எப்படிங்க இருக்குதுன்னு எழுதறது? சிஸ்டம் ஒத்துக்காது" என்கிறார். அத்தையின் வயிறு ஒத்துக்கொள்கிறது, அவர் கண் ஒத்துக்கொள்கிறது, கல் ஒத்துக்கொள்கிறது, சிஸ்டம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

காப்பீட்டுக் கவுன்ட்டரில் கவிதா என்று ஒரு பெண். முகம் சுளிக்காமல் எல்லாம் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு ஆளுக்கு ஒரு பித்தப்பைதானுங்க. ரெண்டாவது தடவை எடுக்க அனுமதி கேட்டா ரிஜெக்ட் ஆயிருதுங்க." அப்புறம் அவளே இன்னும் கொஞ்சம் தோண்டியதில் வெளியே வந்தது, பித்தப்பையை எடுத்தவள் நம் பள்ளத்தூட்டுப் பழனாயி! என் பங்காளி அப்புசாமியின் பெண்சாதி. உங்களுக்குத் தெரியாததா? எங்கள் தாத்தா பெயர் அப்புசாமி, அதனால் பேரன்மாரில் நானும் அப்புசாமி, அவனும் அப்புசாமி. இருவருக்கும் வாய்த்த பெண்சாதி பெயரும் பழனாயி. மேட்டில் வீடு இருப்பதால் நாங்கள் மேட்டூட்டுக்காரர், பள்ளத்தில் இருப்பதால் அவர்கள் பள்ளத்தூட்டுக்காரர். கல்யாணப் பத்திரிகை முதல் கறிக் கூறு வரைக்கும் இதுவரை ஒன்றும் மாறிப் போனதில்லை. காப்பீட்டுக் கார்டு எடுக்கும் முகாமில் பிறந்த தேதி கேட்டான். நமக்கு யாருக்குத் தேதி தெரியும்? ஊர் முழுக்க ஜனவரி ஒன்று என்று போட்டான். போன் நம்பர் கேட்டான். ஊருக்குள் டவர் கிடைப்பது சின்னராசு கடையில் மட்டும்தான், அதனால் ஊர் முழுக்கச் சின்னராசு நம்பரைக் கொடுத்தோம். இன்றைக்கும் யாருக்கு ஓடிபி வந்தாலும் அவன் கடை வாசலில் நின்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறான், நாங்கள் குறித்துக்கொள்கிறோம். ஆதார் நம்பர் வேறு வேறாச்சே என்பீர்கள். பள்ளத்தூட்டுக்காரி ஆபரேஷன் செய்துகொண்ட ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் பதியவில்லையாம். பெயர், புருஷன் பெயர், ஊர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டரே சேர்த்து வைத்துவிட்டதாம். ஒரே நிறுத்தத்தில் ஏறி ஒரே ஊருக்கு டிக்கெட் வாங்கியவர்களை எல்லாம் ஒரே ஆள் என்று நான் எண்ணியிருந்தால், செக்கிங் இன்ஸ்பெக்டர் என்னை முதல் வளைவிலேயே இறக்கி விட்டிருப்பார்.

முன்பெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளலாம். ஒருவன் தப்பு இன்னொருவனுக்குத் தெரியாது. இப்போது நீங்கள் அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். அத்தையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாங்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே, "பித்தப்பை எடுத்தவங்கதானே?" என்கிறார்கள். அதோடு பள்ளத்தூட்டுக்காரியின் சர்க்கரை வியாதியையும் இவள் தலையில் கட்டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை என்றாலே மாட்டுக் கொட்டகைக் கூரையில் எறிகிற பழக்கம் இருப்பதால் உங்கள் அத்தை இன்னும் உயிரோடு இருக்கிறாள். உங்கள் ஸ்டாண்டர்டு வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அது பேய் மாதிரி வேலை செய்கிறது.

கடைசியில் பள்ளத்தூட்டுப் பழனாயியையும் பஸ் ஏற்றிக் கவிதா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பழனாயிகளும் தோளோடு தோள் உரச நின்றார்கள், ஒருத்தி கறுப்பு, ஒருத்தி மாநிறம், ஒருத்திக்குத் தழும்பு, ஒருத்திக்கு வலி. கவிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நேர்ல ரெண்டு பேரு இருக்கறீங்க, எனக்குத் தெரியுதுங்க. சிஸ்டத்துல ஒருத்தர்தானுங்க இருக்கறீங்க. பிரிக்கறதுக்கு மேல எழுதிப் போட்டிருக்கேன்" என்றாள். பள்ளத்தூட்டுக்காரிக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஏம் மாமா, கணக்குச் சரி பண்றதுக்கு என்ரதைத் திருப்பி உள்ள வெச்சுருவாங்களா?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். மேலே எழுதிப் போட்டதற்குப் பதிலும் வந்தது. சின்னராசு வழக்கம்போலக் கத்தினான்: "பழனாயிக்கு மெசேஜ்! உங்க புகார் தீர்க்கப்பட்டதாம்!" எந்தப் பழனாயி என்று பள்ளத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அவனுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பாறையேறி உங்களைக் கூப்பிட்டது. மெயில் போடச் சொல்வதற்கு முன்னால் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்க ஸ்டாண்டர்டு கரெக்ட்டா இருக்குதுங்க மாமா. ஊர்லயிருந்து வர்ற டேட்டாதான் தப்பு" என்றீர்கள். டேட்டா என்பது நாங்கள்தானே மாப்பிள்ளை? அந்த முகாம் வரிசையில் நோம்பிக்குப் பிறந்த வீடு வந்திருந்த உங்கள் அம்மாவும் நின்றாள். அவளுக்கும் ஜனவரி ஒன்று, அவளுக்கும் சின்னராசு நம்பர்தான். நீங்களே ஜனவரி ஒன்றில் பிறந்தவர்தான் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்ப்படி. எங்கேயோ குளிர் தேசத்தில் உட்கார்ந்து இந்த ஸ்டாண்டர்டுக்கு விதி எழுதினவனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது என்று எப்படி நம்புவேன்? அது போகட்டும். அத்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். அதுதான் நெஞ்சில் குத்தி நிற்கிறது. நீங்கள் உங்கள் ஊரான ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கிப் படித்தபோது உங்களுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தவள் இப்போது அரை டம்ளர் கஞ்சிக்கு அழுகிறாள். கண் மஞ்சள் பூத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே ஒன்றுதான். உங்கள் கம்பெனியில் யார் காலில் விழ வேண்டுமோ விழுந்து, மேட்டூட்டுப் பழனாயியையும் பள்ளத்தூட்டுப் பழனாயியையும் பிரித்து விடுங்கள். மேடா பள்ளமா என்று கேட்க ஒரு கட்டம் வைத்தால்கூடப் போதும்.

எட்டுக்கை அம்மன் உங்கள் குடும்பத்தை எட்டுக் கையாலும் காக்கட்டும். தாமரைச்செல்விக்கு அம்மா கேட்டதாகச் சொல்லவும், வலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சபரீஷுக்கு முத்தம். உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு என் ஆசீர்வாதம், அவை நீடூழி பேசிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்த மாமனார்,
அப்புசாமி (மேட்டூடு)

பின்குறிப்பு: யுவராஜ் கண்ணு, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. யாரையும் பிரிக்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், தயவு செய்து எதையும் தொடாதே. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் உன் அம்மா வந்தாள். அத்தையின் கண்ணைப் பார்த்தாள், மடியிலிருந்து தன் கார்டை எடுத்து என் கையில் வைத்தாள். "என்ர பேர்ல போய் எடுத்துக்கங்க அண்ணா. எனக்குத்தான் வயித்துல ஒண்ணுமில்லையே" என்றாள். கார்டில் இருக்கிற படம் கறுப்பு மசி, அது யாராகவும் இருக்கலாம். சின்னராசு ஓடிபியைக் கத்தினான், அனுமதி அன்றைக்கே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் என் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி. நர்ஸ் பொன்னாயி என்று கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள், நான்தான் இடுப்பில் இடிப்பேன். கவிதா எங்களைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி குனிந்துகொண்டாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை நேற்றுச் சாமைச் சோறு சாப்பிட்டாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். பொய் பேரில் போனது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதனால்தான் எதையும் தொடாதே என்கிறேன்.

கடிதத்தை ஒட்டப் போனேன், அதற்குள் ஆலத்தூர் நாட்டிலிருந்து ஆள் வந்தது. உன் அம்மா வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். ஆடியிலிருந்தே அவளுக்கு அந்த வலியாம், அண்ணிக்கு முதலில் ஆகட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். திரையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தானே பித்தப்பை எடுத்திருக்கு, புண்ணு ஆறுற வலிதான், சரியாயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன்னைக் கூப்பிடப் பாறை ஏறக் கிளம்பினேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க அண்ணா. அவன் மீட்டிங்ல இருப்பான்."