முழு முகத்துடன் வருக

எடை அளவைத் துறையின் தலைமை அலுவலகத்தில் பெருந்தொற்று ஒரு திங்கட்கிழமை முற்பகலில் முடிவுக்கு வந்தது. நோய் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டதாகப் பேச்சு இருந்தது. ஆனால் இயக்குநர் விடுப்பில் இருந்தார். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு நோய் எப்படிப் போகும்?

கையெழுத்தான கையோடு சுற்றறிக்கையும் வந்தது. ஊழியர்கள் யாவரும் வெள்ளிக்கிழமை மாலை நடைபெறும் 'நேருக்கு நேர்' விழாவில் பொலிவான உடையிலும் முழு முகத்துடனும் கலந்துகொண்டு, மனம்விட்டுப் பழகுமாறு பணிக்கப்படுகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்க இயலாதவர்கள் தக்க காரணம் காட்டி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

யாரும் விண்ணப்பிக்கவில்லை. கணக்குப் பிரிவு எழுத்தருக்கோ அன்றைக்குக் கூட்டலே ஓடவில்லை.

முன்பு வேலை பார்த்த கிளை அலுவலகத்தில் அவளுக்குத் 'தேங்காய்த் துருவி' என்று பெயர். முன்பற்கள் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தபோது தொற்று தொடங்கியிருந்தது. ஊரே முகக்கவசத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் அதற்குள்ளேயே சத்தமில்லாமல் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டாள். கம்பியைக் கழற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. புதுப் பல்வரிசையைப் பார்த்தவர்கள் பல் டாக்டரும் அக்காவும் மட்டுமே.

அக்கா அவளுக்குக் கரும்பச்சைப் பட்டில் கணுக்கால் வரை ஓர் உடுப்புத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் தினமும் சாயங்காலம் கண்ணாடி முன் சிரித்துப் பழகினாள். வாயைத் தேடிக்கொண்டு தானாக மேலே வரும் கையைக் கீழே நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"போதும்டி," என்றாள் அக்கா. "கண்ணாடிக்குப் பல் கூசப்போகுது."

அலுவலகத்திலும் ஏற்பாடுகள் மும்முரம். எடையைச் சரிபார்ப்பதே பிழைப்பான அந்த இடத்தில் யாருடைய உடுப்பும் யாருக்கும் பத்தவில்லை. பிரிவுக் கண்காணிப்பாளரின் கோட்டு, பொத்தானைக் கிட்டத்தில்கூடச் சேர்க்க மறுத்தது. அவர் சோதனைக்கு வந்திருந்த தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, தராசு பழுது என்று குறிப்பு எழுதினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முகத்தை உள்ளே போய்த்தான் காட்டுவது என்று எல்லாரும் முகக்கவசத்தோடே வந்தார்கள். மண்டபத்து வாசலில் காவலாளி ஒவ்வொருவரையும் தன் பக்கம் திருப்பி, அதை இறக்கச் சொல்லி அடையாள அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் சிக்கல். அட்டைகள் தொற்றுக் காலத்தில் கொடுத்தவை. படத்தில் எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்தார்கள்.

"அட்டையில இருக்கறது நீங்கதானா?" என்று எழுத்தரைக் கேட்டார் காவலாளி.

"நான்தான்."

"இதுல வாய் இல்லையேம்மா."

தினமும் அவரிடம் பேசுகிறவள்தானே தான், தெரியவில்லையா என்று கேட்டாள். காவலாளி சங்கடப்பட்டார். "குரல் உங்களோடதுதான். ஆனா குரலை உள்ள விடச் சொல்லி உத்தரவு இல்லை."

பின்னால் வரிசை நீண்டது. கண்காணிப்பாளர் வாதாட வந்து, விதியைக் கேட்டதும் காவலாளி பக்கம் சேர்ந்துகொண்டார். கடைசியில் இயக்குநரே வந்தார். காவலாளி அவரையும் ஓரமாக நிற்கச் சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை, விதி என்றால் அவருக்கு உயிர். தீர யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: அனைவரும் முகக்கவசத்துடன் நுழைய வேண்டும், உள்ளே போனதும் மணி அடிக்கப்படும், மணி அடித்ததும் முகம் காட்டலாம்.

மணி அடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

ஒருவரை ஒருவர் உற்று உற்றுப் பார்த்தார்கள். இவ்வளவு காலமும் ஒவ்வொருவரும் மற்றவருடைய பாதி முகத்துக்கு மீதிப் பாதியைத் தாங்களே வரைந்து வைத்திருந்தார்கள், அதுவும் தாராளமாக. இயக்குநருக்கு ஊரே சேர்ந்து ஒரு கம்பீரமான தாடையைக் கொடுத்திருந்தது. அவரிடம் தாடையே இல்லை.

எழுத்தர் மட்டும் சிரித்தாள். கை மேலே வரவில்லை. கண்காணிப்பாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா? உங்களுக்குப் பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும்னு நெனச்சிருந்தேன். பேச்சுலயே அப்படி ஒரு களை." அவள் முகம் மாறியதைக் கண்டு அவசரமாகச் சேர்த்தார்: "தப்பா எடுத்துக்காதீங்க. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

அந்த 'இதுவும்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மற்றவர்களுக்கும் அதே 'இதுவும்'தான் கிடைத்துக்கொண்டிருந்தது. குளிர்காற்று அடிக்கிறது என்று சொல்லி இயக்குநர் முதலில் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். காற்று உடனே எல்லாருக்கும் அடித்தது. அவளும் மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் விழா களைகட்டியது. பேச்சும் சிரிப்பும் கூரையைப் பிய்த்தன. நல்லுறவை முன்னிட்டு முகக்கவசம் நிரந்தரமாகத் தொடர வேண்டும் என்ற தீர்மானம் கரவொலியுடன் நிறைவேறியது.

குழுப்படத்துக்கு நிற்கச் சொன்னபோது எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. கம்பியோடு பட்ட பாடெல்லாம் ஒரு துண்டுத் துணிக்குப் பின்னால் போகவா? படம் எடுக்கிற நேரம் முகக்கவசத்தை இறக்கி, உள்ள பல் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது. கீழே எல்லாருடைய பெயரும் பதவியும் இருந்தன. அவள் நின்ற இடத்துக்கு நேரே, 'அடையாளம் காணப்படாத பெண்' என்று போட்டிருந்தது. அந்த முகத்துக்கு எந்த அட்டையும் ஒத்துவரவில்லையாம்.

ஒருநாள் கையெழுத்துக்காகக் கோப்போடு போனவளை இயக்குநர் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார். அடுத்த ஆண்டு விழாவின் சுவரொட்டிக்கு இந்தச் சிரிப்புத்தான் வேண்டும் என்றார். எங்கெங்கோ விசாரித்தும் ஆள் அகப்படவில்லையாம்.

"யாரும்மா இது? உனக்குத் தெரியுமா?"

அவள் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியலை சார். நம்ம ஆபீஸ் ஆள் மாதிரி இல்லை."

இயக்குநர் தலையாட்டினார். "அதான் நானும் பார்த்தேன். நம்ம ஆளா இருந்தா இவ்வளவு சந்தோஷமா ஏன் சிரிக்கப்போறாங்க?"