டேப் அக்காவும் என் அளவு ஜாக்கெட்டும்

காதல் கதையை இஞ்ச் டேப்பால் அளந்து படித்தவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அரிமளத்தில் தையல் கடை வைத்திருக்கும் டேப் அக்கா.

நாவலில் 'கைப்பிடிக்குள் அடங்கும் இடை' என்று வந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்: '22 இஞ்ச். சோறு போடவும்.' ஒரு கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் மெலிந்து காதலனைப் பிடித்ததற்காக, புத்தகக் கடைக்காரரிடமே நியாயம் கேட்கப் போனார்.

"அதுவரைக்கும் அவளுக்குத் தச்ச ஜாக்கெட்டையெல்லாம் யாருங்க பிடிச்சுத் தைக்கிறது?"

என் கல்யாணத்துக்கு நாற்பத்தொரு நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை (டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்), முகூர்த்தப் பட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அளவுக்கு, கல்லூரி முதல் வருடத்தில் போட்ட ஜாக்கெட்.

அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாருக்குடி?"

"எனக்குத்தான்க்கா. அதுக்குள்ள எளைச்சிருவேன்."

"சரி" என்றவர், ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கிறுக்கி என்னிடம் நீட்டினார். "குண்டுப் பொண்ணு கதை. படி."

"கடைசில எளைக்கிறாளாக்கா?"

"எளைச்சா ஒனக்குக் குடுப்பனா?"

பாதி படித்தேன். அவள் நிம்மதியாகப் பரோட்டா தின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, மூடி வைத்துவிட்டு வெள்ளரிக்காய்க்குத் திரும்பினேன். எடையை மட்டும் தினமும் டைரியில் குறித்தேன். அது அசையவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா கடையில் புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஆறு கொக்கியும் மாட்டிக்கொண்டன.

"எளைச்சுட்டேன்க்கா."

"ஆமாமா. இந்தா, வடை எடுத்துக்க."

அந்தத் தைரியத்தில் பந்தியில் பாயசம் இரண்டு முறை வாங்கினேன்.

கல்யாணமான ஒன்பதாம் நாள், பெட்டி அடுக்கும்போது இரண்டு ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். புதியது நாலு இஞ்ச் பெரியது. போதாததற்கு, பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்தையலில் இரண்டு விரல் துணி வேறு விட்டிருந்தார். நேரே கடைக்குப் போனேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ அளவு ஜாக்கெட்டக் குடுத்த. நான் ஆளப் பாத்துத் தச்சேன். கல்யாணம் அந்த ஜாக்கெட்டுக்கா, ஒனக்கா?"

அன்றுதான் நாவலை முடித்தேன். கடைசிப் பக்கத்தில், அவள் கழுத்தில் தாலி ஏறும் வரிக்குப் பக்கத்தில், பென்சிலில் என் சரியான அளவு. அதன் கீழே, 'இந்த அளவுல கை வைக்காதே.'

என் டைரிகள் முழுக்க எண்கள்தான். அவ்வளவு பிரியமாக எழுதப்பட்ட எண் ஒன்றுகூட அவற்றில் இல்லை.