வான்கோழிக் குஞ்சுகளின் காவல் பதவியிலிருந்து விலகல் கடிதம்

அன்பும் அறிவும் நிறைந்த, ஆனால் வான்கோழி வாங்கப் போன அன்று மட்டும் அறிவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன என் மருமகனுக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கு யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை, கை வரவில்லை. நீ ஒப்படைத்துப் போன பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் சுகம். ஒருவர் கவலைக்கிடம். ஒருவர் இல்லை. உன் அத்தையும் நானும் இந்தப் பட்டியலில் வரமாட்டோம். இந்த வீட்டில் எங்களை யாரும் விசாரிப்பதில்லை.

"ஒரு மாசம்தான் மாமா, தொழிற்சாலைப் பயிற்சி முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன், இதுங்க பொழைச்சாதான் நான் பண்ணையே வைக்க முடியும்" என்று நீ சொன்னபோது, ஒன்றுகூடக் குறையாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவன் நான். மறுநாளே குறைத்தேன். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு மைக் முன்னால் உட்கார்ந்தவன் உன் மாமன் என்பது உனக்குத் தெரியும். நான் ஒரு சொல் சொன்னால் புறப்பட்ட பேருந்து நிற்கும், தூங்குகிறவன் எழுந்து தன் மூட்டையோடு பக்கத்து ஆள் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு சரியான நடைமேடைக்கு ஓடுவான். அந்தப் பெருமையில், தீவனத் தட்டை வைத்துவிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். பதினைந்தும் அலறியடித்துப் பெட்டியின் ஒரே மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. பிரித்து எடுப்பதற்குள் அடியில் இருந்தது போய்விட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், ஒரு முட்டையின் கனம்கூட இல்லை. மருமகனே, அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் கிசுகிசுத்துத்தான் பேசுகிறேன். பால்காரர் எனக்குத் தொண்டையில் ஏதோ பெரிய நோய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

கால்நடை மருத்துவர் வந்தார். "சதுரப் பெட்டியில யாராவது வைப்பாங்களாய்யா? மூலை இருந்தா மூலைக்குத்தான் போகும்" என்று என்னை ஒரு குஞ்சைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, வளைத்து, கூடத்தின் நடுவில் மூலையே இல்லாத ஒரு கோட்டை கட்டினேன். நடுவில், சூட்டுக்காக, கயிற்றில் தொங்கும் குண்டு பல்பு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர், இறக்க வேண்டும். சுவரோரம் ஒதுங்கினால் சூடு, ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான் அந்தக் கயிற்றை இழுத்த இழுப்பில் ஒரு கப்பலே கரை சேர்ந்திருக்கும். தண்ணீரில் விழுந்து சாகாமலிருக்கத் தட்டில் கோலிக்குண்டு போட்டேன். பளபளப்பைக் கொத்தப்போய் அப்படியே குடிக்கப் பழகிக்கொண்டன. இதெல்லாம் சரி. மருத்துவர் கிளம்பும்போது வாசலில் உன் அத்தையின் ஆறு கோழிகளைப் பார்த்தார். அங்கே பிடித்தது சனி.

"இது யாருது? கோழிக்கு ஒண்ணும் செய்யாத நோய் வான்கோழிக்கு எமன். கோழியைத் தொட்ட கை இங்க படக்கூடாது, கோழி மேய்ஞ்ச இடத்துல மிதிச்ச செருப்பு இங்க வரக்கூடாது" என்றார். அன்று முதல் வீடு இரண்டு நாடு. கூடத்து வாசற்படி எல்லை. உன் அத்தை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். காப்பியைப் படியில் வைத்துவிட்டு அவள் மூன்றடி பின்வாங்குவாள், நான் எடுப்பேன். நான்கு வருடமாக என்னிடம் பேசுவதைவிட அந்த ஆறிடம்தான் அவள் அதிகம் பேசுகிறாள், ஆகவே அவளுக்கு நட்டமில்லை.

இப்போது சின்னதின் விஷயம். இருப்பதிலேயே சிறியது, இரண்டு நாளாக ஒரு பருக்கை தொடவில்லை. தீவனத்தின்மேல் நின்றுகொண்டே பட்டினி கிடக்கிறது! தாய் கொத்திக் காட்டினால்தான் சாப்பாடு எதுவென்றே இதற்குத் தெரியுமாம். விரலால் தட்டிக் காட்டினேன். எல்லைக்கு அப்பால் நின்று உன் அத்தை பொறுமிக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்லங்க, அலகு மாதிரி தட்டுங்க."

"அலகு மாதிரிதான் தட்டுறேன்."

"கதவைத் தட்டுற மாதிரி தட்டுறீங்க. உள்ளேயிருந்து யார் வரணும்?"

எத்தனையோ குஞ்சுகளை ஆளாக்கிய கை அவளுடையது. அந்தக் கைதான் இங்கே வரக்கூடாது. இன்று காலை சின்னது கண்ணை மூடியபடி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அவள் படிவரை வந்தாள், நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். என்னால் இதற்குமேல் முடியாது. ஆகவே மேற்படி பதவியிலிருந்து இதன்மூலம் விலகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு போ. உன் பண்ணை என்னால் கெட்டது என்று நீ சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, நீயாவது. நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று, எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் தனித்தனியே ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
குரலிழந்த உன் மாமன்

பின்குறிப்பு: கடித உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினேன். கோழிக்கூடு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. உன் அத்தை தலைக்குக் குளித்து, துவைத்த புடவையில், அட்டைக் கோட்டைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "கோழியெல்லாம் எங்கே?" என்றேன். "பக்கத்துத் தெரு தையற்காரர் வீட்டுல. அவங்க நல்லா பாத்துக்குவாங்க" என்றாள், தலை நிமிராமல். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்றேன். "நீங்க தட்டுற தட்டுல இது பொழைக்காது" என்றாள். ஒற்றை விரல், மழைத்துளி விழுவது போல, டொக், டொக். சின்னது ஒரு கண்ணைத் திறந்தது. விரலைப் பார்த்தது. ஒரு பருக்கையைக் கொத்தியது, துப்பியது, மறுபடி கொத்தி விழுங்கியது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டது சின்னதுக்காகவா அந்த ஆறுக்காகவா என்று நான் கேட்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வராதே. ஒரு மாதம் கழித்தும் அவசரமில்லை. ஆறில் ஒன்று மட்டும் தையற்காரர் வீட்டிலிருந்து திரும்பி ஓடிவந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவன் நான் என்பதால், இரண்டு தரம் சோப்பு போட்டுக் குளிக்கும்வரை எனக்குக் கூடத்தில் அனுமதி இல்லையாம். இதை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.